'கில்' என்பதற்குத் தமிழில் என்ன?

"எம்புள்ள கொலகாரனாம்மா?"

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் இப்படிக் கேட்டபோது, அவருடைய மகன் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்த இரைச்சலில், மேசைமீது கிடந்த கைபேசியின் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் மெலிதாகத்தான் வந்தது. ஆனாலும் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கைபேசியை என் பக்கம் தள்ளினார். "நீங்களே சொல்லுங்கக்கா. நான் என்ன சொன்னாலும் அழுவுறாங்க" என்றார். அவருடைய தேநீரில் ஆடை படிந்திருந்தது; ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

நான் வழக்கறிஞரில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். வார இறுதிகளில், தங்கும் விடுதிகளில் இருக்கும் ஊழியர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வேன். பெரும்பாலும் சம்பளப் பாக்கி, காயத்துக்கான இழப்பீடு, வேலை அனுமதி தொடர்பான கடிதங்களாகவே இருக்கும். அன்று அந்தத் தம்பி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தது குற்றச்சாட்டுத் தாள். வியர்வையில் அதன் மடிப்புகள் பஞ்சு போல நைந்திருந்தன.

நடந்தது இதுதான். துவாஸ் பக்கத்துக் கட்டுமானத் தளம் ஒன்றில் அவர் லாரியைப் பின்னோக்கி எடுத்திருக்கிறார். பின்னால் நின்று கைகாட்ட வேண்டியவரை அந்த நேரத்தில் வேறு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும், காத்திருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார், யாரும் தெரியவில்லை, எடுத்தார். வண்டிக்குப் பின்னால் குனிந்து இரும்புக் கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே மாண்டார். அவரும் அதே மாவட்டம்தான். இரண்டு ஊர் தள்ளி. விடுதியில் அடுத்த அறை. ஊருக்குப் போகும்போது ஒருவர் வீட்டுக்கு மற்றவர் தைலமும் சாக்லேட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம்.

அன்று மாலை தளத்திலிருந்த மேற்பார்வையாளர் ஒருவர், தமிழ் அறியாதவர், இவரிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார்: "யூ கில்ட் எ மேன்." பக்கத்தில் நின்ற அறைத்தோழர் அந்த வாக்கியத்தை அப்படியே ஊருக்குக் கொண்டுபோனார். ஆங்கிலத்தில் புறப்பட்டது தமிழில் போய்ச் சேர்ந்தபோது, "ஒரு ஆளைக் கொன்னுட்டான்னு கேஸ் போட்டுட்டாங்க" என்று ஆகிவிட்டது. அகராதியைத் திறந்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. 'கில்' என்றால் கொல். 'கில்ட்' என்றால் கொன்றான். பள்ளியில் முதல் ஆண்டு ஆங்கிலம் படிக்கும் பிள்ளையும் அப்படித்தான் எழுதும். அந்தப் பிழையில்லாத மொழிபெயர்ப்புத்தான் ஒரு தாயை அந்தக் கேள்விக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அன்றிலிருந்து எனக்கு இந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலத்தின் 'கில்' விளைவை மட்டும் சொல்லும் வினை. ஓர் உயிர் போயிற்று, அது இதனால் போயிற்று என்பதோடு அதன் பொருள் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்த மொழியில் நிலநடுக்கம் கில் செய்யும், புற்றுநோய் கில் செய்யும், மின்சாரம் கில் செய்யும், பனியும் பட்டினியும் கில் செய்யும். எழுவாயின் இடத்தில் மனம் உள்ள ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வினைக்கு இல்லை. மனிதர் எழுவாயாக வரும்போதும் அவருடைய எண்ணத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் இன்னொரு சொல்லைத் தேடுகிறது. 'மர்டர்' இருக்கிறது. அதன் பழைய ஜெர்மானிய வேரில், மறைவாகச் செய்த கொலை, செய்ததை ஒப்புக்கொள்ளாமல் ஒளித்த கொலை என்ற பொருள் இருந்தது. அரசியல் காரணத்துக்காக ஒரு தலைவரைக் கொல்வதற்கு அரபு மொழியிலிருந்து வந்த 'அசாசினேட்' இருக்கிறது. மனிதனை மனிதன் சாகடித்தான் என்ற உண்மையை மட்டும் குற்றம், குற்றமின்மை எதையும் ஏற்றாமல் சொல்ல, லத்தீனிலிருந்து வந்த 'ஹோமிசைட்' இருக்கிறது. இத்தனை சொற்கள் சுற்றி நிற்பதால்தான் நடுவிலிருக்கும் 'கில்' வெறுமையாக இருக்க முடிகிறது.

தமிழில் நிலைமை வேறு. 'கொல்' என்ற வினையைச் சொன்னதுமே அதைச் செய்த கையும், கைக்குப் பின்னால் ஒரு மனமும் வந்து நின்றுவிடுகின்றன. 'விபத்து மூவரைக் கொன்றது' என்று இன்று சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். படிக்கும்போது காதில் நெருடுகிறது. விபத்தில் மூவர் இறந்தார்கள் என்பதே தமிழ். விபத்து இடமாகிறது, அந்த இடத்தில் மூவருக்குச் சாவு நேர்கிறது. வெள்ளத்தில் போனார்கள், காய்ச்சலில் போனார்கள், மின்சாரம் தாக்கி இறந்தார்கள். நோயும் நீரும் நெருப்பும் நம் மொழியில் சாவுக்கு இடமாகவோ காரணமாகவோ வரும். அவற்றைக் கொலையாளியாக நிறுத்தினால் அது கவிதையாகிவிடும், அல்லது வசவாகிவிடும்.

சிங்கப்பூர்ச் செய்தித் தமிழில் இதற்கு ஒரு வழக்கு நிலைத்திருக்கிறது. தமிழ்நாட்டு நாளேடுகளில் 'மூவர் பலி' என்று தலைப்பு வரும் இடத்தில், இங்கே 'மூவர் மாண்டனர்' என்று வரும். 'பலி' என்ற சொல்லில் கொடுப்பவர் ஒருவர், பெறும் தெய்வம் ஒன்று என்ற நிழல் எங்கோ இருக்கிறது. 'மாண்டார்' என்பதில் அது இல்லை. மாளுதல், முடிந்துபோதல் மட்டுமே. குறளில் வரும் 'மாண்டார்' வேறொரு வேரிலிருந்து பிறந்து மாட்சிமை உடையவர்களைக் குறிக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், இறந்தவரைச் சொல்ல இங்கே இந்தச் சொல் வழங்குவது எனக்கு ஆறுதலாக இருக்கும். வேர் வேறுதான், ஆனாலும் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன.

தமிழ் இந்த வேறுபாட்டைச் சொல்லில் மட்டும் வைக்கவில்லை. வாக்கியத்தின் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. 'அடித்துக் கொன்றான்' என்பதும் 'அடித்ததில் இறந்தான்' என்பதும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லக்கூடும். ஆனால் முதல் வாக்கியத்தில் எழுவாய் கடைசிவரை ஒருவனே. அடித்ததும் அவன், கொன்றதும் அவன், இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. இரண்டாவதில் எழுவாய் மாறிவிடுகிறது. அடித்தவன் ஒருவன், இறந்தவன் வேறொருவன். அந்த 'இல்' என்ற ஒற்றை உருபு நடுவில் நின்று, அடிக்கும் சாவுக்கும் இடையே என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று கேட்பதற்கு வழி விடுகிறது. வாக்குமூலங்களை மொழிபெயர்க்கும்போது நான் மிக அஞ்சுவது இந்த இடத்தைத்தான். பேசியவர் 'தள்ளினேன், விழுந்துட்டான், பேச்சுமூச்சு இல்ல' என்று மூன்று துண்டாகச் சொல்லியிருப்பார். ஆங்கிலத்தில் அது சுருங்கி, 'தள்ளிக் கில் செய்தேன்' என்று ஒரே துண்டாக நின்றால், அதைத் திரும்பத் தமிழாக்குபவர் 'தள்ளிக் கொன்றேன்' என்று எழுதிவிடுவார். இருமுறை கடல் தாண்டியதில் ஒரு மனிதனின் எண்ணம் மாறிப்போயிருக்கும்.

துணைவினைகளும் அப்படித்தான். 'கொன்றான்', 'கொன்றுவிட்டான்', 'கொன்று போட்டான்', 'தீர்த்துக்கட்டினான்' ஆகிய நான்கும் ஒன்றல்ல. 'விட்டான்' என்பதில் நடக்கக்கூடாதது நடந்துவிட்டதே என்ற பதைப்பு ஒலிக்கலாம். 'போட்டான்' என்பதில் ஈவிரக்கமின்மை ஒலிக்கிறது. 'தீர்த்துக்கட்டினான்' என்றால் நாள் குறித்துத் திட்டம் போட்டது போலாகிறது. ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் ஒரே 'கில்ட்' போதும் என்று நினைப்பவர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். கொல்லும் எண்ணம் இல்லாத இடங்களிலும் நாம் நாள்தோறும் 'கொல்' என்கிறோமே? வெயில் கொல்கிறது, தலைவலி கொல்கிறது, பள்ளிக்குக் கிளம்பாத பிள்ளையிடம் அம்மா 'கொன்னுடுவேன்' என்கிறாள். செய்ந்நன்றி கொன்ற மகற்கு உய்வில்லை என்று வள்ளுவரே உயிரற்ற ஒன்றைக் கொன்றதாகச் சொல்கிறார். ஆனால் அந்த 110ஆவது குறள் என் பக்கம்தான் பேசுகிறது என்று நினைக்கிறேன். நன்றி தானாக மறந்துபோகவில்லை, அவனே அதை அழித்தான் என்ற குற்றச்சாட்டை வைப்பதற்காகத்தான் அங்கே 'கொன்ற' வந்து அமர்கிறது. மறந்த என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வெயில் கொல்கிறது என்பதும் அதற்கு ஒரு கொடுமனத்தை நாமே ஏற்றிச் சொல்வதுதான்.

இதையெல்லாம்விட முக்கியமான ஓரிடம் இருக்கிறது. துக்கத்தில் நாம் இந்தச் சொல்லை நம்மீதே போட்டுக்கொள்கிறோம். காய்ச்சலில் குழந்தையைப் பறிகொடுத்த தாய், "நேத்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருக்கும், நானே எம்புள்ளயக் கொன்னுட்டேன்" என்று மார்பில் அடித்துக்கொள்வாள். சாவு வீட்டில் இதைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. அது வாக்குமூலமன்று, ஒப்பாரி. சுற்றியிருப்பவர்கள் யாரும் அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளாமல், "அப்படிச் சொல்லாதடி" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தம்பியும் விபத்து நடந்த அன்று, லாரியிலிருந்து குதித்து ஓடிவந்து உடலருகே விழுந்து, "நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று கதறியிருக்கிறார். அங்கே நின்றவர்களில் தமிழ் தெரியாத ஒருவர் கேட்டு, இன்னொருவர் சொல்லி, அது ஆங்கிலத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'ஐ கில்ட் ஹிம்.' நான்கு ஆண்டுக்கு முந்தைய பகையோ, வாங்கிய கடனோ எதுவும் இல்லாததால் அந்த வாக்கியத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. இருந்திருந்தால்?

சட்டம் இந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கப் போனால் ஒரு பழைய கதைக்குள் போக வேண்டும். சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம், மெக்காலே தலைமையில் 1837ஆம் ஆண்டு வரையப்பட்டு, 1860ஆம் ஆண்டு நிறைவேறி, 1862ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழி வந்தது. சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கு 1871ஆம் ஆண்டு சட்டமாக்கப்பட்டு, 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பிரிவு எண்கள்கூட அப்படியே வந்துவிட்டன. இந்தியா 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அந்தச் சட்டத்தைக் கைவிட்டுப் புதிய எண்களுக்கு மாறிவிட்டது. இங்கே 299, 300, 302, 304 எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன.

அந்த 299ஆம் பிரிவு 'கில்' என்ற சொல்லோடு தொடங்கவில்லை. மரணம் விளைவிக்கும் எண்ணத்துடனோ, மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணத்துடனோ, தன் செயலால் மரணம் நேரக்கூடும் என்று அறிந்தோ ஒருவர் மரணத்தை விளைவித்தால் என்றுதான் அது தொடங்குகிறது. செயல், விளைவு, மனம் என்ற மூன்றையும் தனித்தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் குற்றத்துக்கு அது பெயரிடுகிறது. 'கில்' வருவது எடுத்துக்காட்டுகளில். அங்கே ஓர் எடுத்துக்காட்டைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். ஒருவன் ஒரு கோழியைச் சுட்டுத் திருடப் பார்க்கிறான். புதருக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பது அவனுக்குத் தெரியாது. குண்டு மனிதன்மீது பட்டு அவன் இறக்கிறான். சுட்டவன் செய்தது சட்டவிரோதமான செயல்தான் என்றாலும், அவனுக்கு அந்த மனிதனைச் சாகடிக்கும் எண்ணமோ, சாவு நேரும் என்ற அறிவோ இல்லாததால், இந்தப் பிரிவின்படி அவன் குற்றவாளி இல்லை.

ஆங்கில மூலத்தில் இந்தச் சிறு எடுத்துக்காட்டுக்குள் 'கில்' மூன்று முறை வருகிறது. கோழியைக் கில் செய்யும் எண்ணம். மனிதனைக் கில் செய்தான். மனிதனைக் கில் செய்யும் எண்ணம் அவனுக்கு இல்லை. மூன்றும் ஒரே சொல். முதலிலும் மூன்றாவதிலும் எண்ணத்தை 'இன்டென்ட்' என்ற வேறு சொல் சுமக்கிறது. நடுவில் வருவது வெறும் விளைவு. தமிழில் மூன்றுக்கும் 'கொல்' போட்டுப் பாருங்கள்: "கோழியைக் கொல்ல நினைத்து மனிதனைக் கொன்றான், ஆனால் கொல்ல நினைக்கவில்லை." படிப்பவர் குழம்பிப்போவார், கொன்றுவிட்டுக் கொல்ல நினைக்கவில்லை என்கிறானே என்று சினம்கூட வரும். நடுவிலிருப்பதை மட்டும் மாற்றி, "கோழியைக் கொல்லச் சுட்டான், குண்டு பட்டு மனிதன் இறந்தான்" என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். மெக்காலே ஒரு முழுப் பத்தியில் விளக்க வேண்டியிருந்ததைத் தமிழ் இரண்டு வினைகளில் காட்டிவிடுகிறது.

ஆனால் சட்டத்தின் 'மர்டர்' நம் 'கொலை' என்ற சொல்லோடு ஒத்துப்போகிறதா என்றால், அதுவும் முழுக்க இல்லை. 300ஆம் பிரிவின் நான்கு உட்பிரிவுகளில் முதலாவது மட்டுமே சாகடிக்கும் எண்ணத்தைக் கேட்கிறது. மூன்றாவது, ஒருவர் உண்டாக்க நினைத்த காயம் இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதாக இருந்தால் அதுவே போதும் என்கிறது. ஈட்டியால் ஒரே ஒரு முறை வயிற்றில் குத்திய விர்சா சிங் என்பவரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1958ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு இதற்கு வழிகாட்டி. பஞ்சாபில் நடந்த அந்த நிகழ்ச்சியின் தீர்ப்பைச் சிங்கப்பூர் நீதிமன்றங்களும் பின்பற்றி வந்திருக்கின்றன. நினைத்தது அந்தக் குத்தைத்தான், சாவை இல்லை என்றாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது 'மர்டர்'. நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால், "குத்தணும்னு நெனச்சான், கொல்லணும்னு நெனக்கலயே" என்பார்கள். 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் இங்கே நடப்புக்கு வந்த மாற்றம் அந்த வேறுபாட்டுக்கு ஓரளவு இடம் கொடுத்தது. சாகடிக்கும் எண்ணம் இருந்த முதல் உட்பிரிவுக்கு மட்டுமே கட்டாய மரண தண்டனை என்றும், மற்றவற்றில் மரணமா, ஆயுள் சிறையா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம் என்றும் ஆயிற்று.

தம்பியின் தாளில் இருந்தது இவற்றில் எதுவுமில்லை. 304ஏ. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தப் பிரிவே கிடையாது. 1870ஆம் ஆண்டு பின்னால் சேர்த்தார்கள். எண்ணமும் இல்லை, அறிவும் இல்லை. ஆபத்தைப் பொருட்படுத்தாத துணிச்சலுடனோ கவனக்குறைவாகவோ செய்ததில் ஓர் உயிர் போய்விட்டது என்பவர்களுக்கான பிரிவு. இங்கே துணிச்சலான செயலுக்கு 5 ஆண்டு வரையிலும், கவனக்குறைவுக்கு 2 ஆண்டு வரையிலும் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவர்மீது சாட்டப்பட்டிருந்தது கவனக்குறைவு.

தொலைபேசியில் அந்தத் தாயிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், அவருடைய தம்பியாக இருக்க வேண்டும், "முன்னூத்தி ரெண்டான்னு கேளுக்கா" என்றது. சினிமா பார்த்த எவருக்கும் தெரிந்த, கொலைக்கான பிரிவின் எண் அது. "இல்லைங்க, முன்னூத்தி நாலு ஏ" என்றேன். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "அப்ப அது ஆக்சிடென்ட் கேஸுக்கா. நம்ம ஊர்ல பஸ்காரனுக்குப் போடுவாங்கல்ல, அது." நான் அரை மணி நேரம் சொல் தேடியும் கிடைக்காததை ஓர் எண் சொல்லிவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே சட்டம் இரண்டு கரைகளுக்கும் போனதால், அறந்தாங்கிக்காரருக்குத் துவாஸில் நடந்தது எண்ணால் விளங்கியது.

ஆனாலும் தாய்க்கு எண் போதவில்லை. "தாள்ல என்னம்மா எழுதியிருக்கு? அப்படியே சொல்லு" என்றார். "மரணம் விளைவித்தார்னு எழுதியிருக்கும்மா." "வெளைவிச்சாருன்னா?"

இந்தத் தொடரை நீதிமன்றத் தமிழ் என்று நான் அதுவரை கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். உயிரில்லாத கூட்டுச்சொல் என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அதைக் கையிலெடுத்துப் பார்த்தேன். விளைதல், விளைச்சல், விளைநிலம். அது வயலின் சொல். விதைத்தவன்தான் அறுப்பான் என்றாலும், விதைக்காமலே முளைப்பதும் வயலில் உண்டு. "அவன் கையால வெளஞ்சதும்மா. ஆனா அவன் மனசு வெதச்சது இல்ல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அழுகை நின்றிருந்தது. சிறிது நேரம் கழித்து, "அத எழுதி அனுப்புறியா? செத்த புள்ளயோட வீட்டுக்கு நான் போகணும். என்ன சொல்லிப் போயி நிக்கிறதுன்னு தெரியல" என்றார்.

அன்று இரவு வீட்டில் அமர்ந்து அந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியபோது எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. சிலம்பு அவன் கையில் இருந்தால் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று பாண்டியன் சொன்ன ஒரு வாக்கியம். விசாரணை இல்லை, நடுவில் ஒரு வினா இல்லை. 'கொன்று' என்ற எச்சம் 'கொணர்க' என்ற முற்றுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுகிறது. பழந்தமிழில் 'கொல்' என்றே இன்னோர் இடைச்சொல்லும் உண்டு. 'இதுவோ, அதுவோ' என்ற ஐயத்தை உணர்த்துவது. தொல்காப்பியம் அதை 'கொல்லே ஐயம்' என்று சொல்கிறது. ஒலி ஒன்று, ஒன்றில் உயிர் போகிறது, மற்றொன்றில் மனம் நின்று கேட்கிறது. பாண்டியனிடம் இரண்டாவது 'கொல்' இருந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது என்று தோன்றியது. மொழிபெயர்ப்பாளருக்கு முதல் 'கொல்' வரும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டாவது 'கொல்' தேவைப்படுகிறது.

முதலில் நான் எழுதியது: 'லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஓர் உயிர் போய்விட்டது.' படித்துப் பார்த்தேன். இதில் செய்தவரே இல்லை. உயிர் தானாகப் போய்விட்டது போல இருக்கிறது. மகனை இழந்தவர்களிடம் இதைக் கொண்டுபோய்ப் படித்தால், கைகழுவுவதாகத்தானே தோன்றும்? 'கொன்றான்' என்பது ஒரு வீட்டுக்கு அநியாயம் என்றால், 'போய்விட்டது' மற்றொரு வீட்டுக்கு அநியாயம். அடித்துவிட்டு மீண்டும் எழுதினேன்: 'கைகாட்டும் ஆள் வரும்வரை காத்திருக்காமல் லாரியைப் பின்னால் எடுத்த கவனக்குறைவினால் உங்கள் மகன் மரணம் விளைவித்தார் என்பதே குற்றச்சாட்டு, கொலை என்று யாரும் சொல்லவில்லை.' செய்தவர் இருக்கிறார், செய்தது இருக்கிறது, விளைவு இருக்கிறது, மனத்தின் மீது பொய்ப்பழி இல்லை. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக எழுதிய வாக்கியம் இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை. தாளைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அந்தத் தாய் இல்லை, மாண்டவரின் தந்தை. அந்த அம்மா கடிதத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்ததையும், பேத்தி அதைச் சத்தமாகப் படித்ததையும் சொன்னார். குரலில் சினம் இல்லை. எண்ணி எண்ணிப் பேசினார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க தாயி. லாரி இருக்கு. கவனக்குறைவு இருக்கு. அந்தப் பய இருக்கான். மரணம்னு இருக்கு. எம்புள்ள எங்க இருக்கான்?"

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது இலக்கணம். 'கொல்' என்ற வினைக்கு ஓர் ஆள் செயப்படுபொருளாக வந்தே ஆக வேண்டும். யாரைக் கொன்றான் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அந்த வாக்கியம் முடியாது. 'மரணம் விளைவித்தார்' என்னும்போது செயப்படுபொருளின் இடத்தில் மரணம் வந்து அமர்ந்துகொள்கிறது. மாண்டவர் வாக்கியத்தைவிட்டே வெளியே போய்விடுகிறார். இலக்கணம் அவரைத் தேடுவதுமில்லை. நீதிமன்றத் தாளில் அவருடைய பெயர் இருந்தது. அதை நான்தான் விட்டிருந்தேன். ஒரு மகனின் மனத்தைக் காப்பாற்றுவதிலேயே கண்ணாக இருந்ததில், இன்னொரு மகனின் பெயர் தவறிப்போயிருந்தது.

மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டேன். பெயர், தந்தை பெயர், ஊர், வயது, சிங்கப்பூருக்கு வந்து எத்தனை ஆண்டு. அந்த வாக்கியத்தைப் புதிதாக எழுதி, அந்தப் பெயரைத் தொடக்கத்தில் வைத்தேன். இன்ன ஊரைச் சேர்ந்த, இன்னாருடைய மகனான, 27 வயதுடைய இன்னாரின் மரணத்தை விளைவித்தார் என்று முடித்துத் தொலைபேசியிலேயே அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் நன்று என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. மகனுடைய பெயரை மட்டும் ஒருமுறை தாமே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.